வெள்ளை மாத்திரையும் வெள்ளைப் பூவும்

1. 1962-ஆம் ஆண்டு ஆடி மாதம், விஸ்வநத்தத்தில், என் அக்கா செல்லத்தாய்க்குக் காய்ச்சல் கண்டது. தொண்டை வீங்கியிருந்தது.

2. சிவகாசியில் ஒரு டாக்டரிடம் காட்டினாள். பெயர் எழுதாத வெள்ளை மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள்.

3. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. எல்லாரும் அம்மை என்றார்கள்.

4. அம்மை கண்ட வீட்டில் மருந்து கூடாது என்பதால் மாத்திரையை நிறுத்தினோம். உடம்பு தணிந்தது.

5. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, மிச்சமிருந்த மாத்திரைகளில் ஒன்றைக் கொடுத்தோம்.

6. பொழுது சாய்வதற்குள் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வந்தது. வாய் புண்ணானது. கண்கள் ஒட்டிக்கொண்டன.

7. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அம்மா சம்மதிக்கவில்லை.

8. மாரியம்மனிடம் கேட்டோம். பதில் கிடைத்தது.

நடந்தது இவ்வளவுதான். எட்டாவதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முதல் ஏழும் தெரியாமல் அது யாருக்கும் விளங்காது. அதனால் வரிசையாகவே சொல்கிறேன். அம்மனை நம்பும் சகோதரிகள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நான் வேதியியல் படித்தவள். ஒரு பட்டாசுக் கம்பெனியின் சோதனைச்சாலையில் வேலை பார்க்கிறேன். வெளியூரிலிருந்து வந்து இறங்கும் உப்புகளில் ஈரம் எவ்வளவு, கலப்படம் உண்டா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. என் மேஜைமேல் இருக்கும் ஒவ்வொரு சீசாவிலும் பெயர் ஒட்டியிருக்கும். எதோடு சேரக் கூடாது என்பதும் தமிழில் எழுதியிருக்கும். குளோரேட் இருக்கும் அறையில் கந்தகத்தை வைக்க விடமாட்டார்கள். எழுத்துத் தெரியாத பெண்களுக்குக்கூட அது மனப்பாடம். தப்பினால் என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அக்கா அதே கம்பெனியில் திரி வெட்டும் பிரிவில் இருந்தாள். அவள் வேலைக்குப் போனதால்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அத்தானுக்கும் அங்கேதான் வேலை. லோடு ஏற்றி அனுப்பும் பகுதியில். தீபாவளிச் சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சலோடு இரண்டு நாள் வேலைக்குப் போனவள், எச்சில் விழுங்க முடியாமல் போனபிறகுதான் டாக்டரிடம் போகச் சம்மதித்தாள்.

அந்த மாத்திரைப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அச்சகங்களில் வீணாகிற லேபிள் தாளில்தான் எதையும் மடிப்பார்கள். வறுத்த கடலையானாலும் அதுதான், மருந்தானாலும் அதுதான். அக்காவின் மாத்திரைகள் ஒரு பூச்சட்டி லேபிளில் மடித்து வந்தன. மயில் படம். நிறம் சற்று விலகி அச்சாகியிருந்தது. கீழே பொடி எழுத்தில், தரையில் வைத்துத் தள்ளி நின்று கொளுத்த வேண்டும், குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது என்று இருந்தது. பூச்சட்டிக்கு அவ்வளவும் எழுதியிருந்தார்கள். உள்ளே இருந்த மாத்திரைக்கு ஒரு எழுத்தும் இல்லை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று கம்பவுண்டர் வாயால் சொன்னதோடு சரி. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றோ, உடம்பில் தடிப்பு வந்தால் நிறுத்த வேண்டும் என்றோ சொல்லவில்லை. அப்போது அது எங்களுக்குக் குறையாகப் படவும் இல்லை. மருந்து என்றால் வாங்கி விழுங்குவது. அதைக் கேள்வி கேட்பது என்று ஒன்று இருப்பதாகவே நினைத்ததில்லை.

உடம்பு சிவந்த அன்று, வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனபோது நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏ வடிவு, அங்கனயே நில்லு. கம்பெனிச் சேலையோட உள்ள வராத. குளிச்சிட்டு வா. ஆத்தா வந்திருக்கா."

குளித்துவிட்டுப் போனேன். அக்கா வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள். கழுத்து, மார்பு, கைகள் எல்லாம் சிவப்பு. சில இடங்களில் கொப்புளம் கட்டியிருந்தது.

"தொண்டைதான்டி வலிச்சுச்சு" என்றாள் அக்கா. குரல் கரகரத்தது. "ஆத்தா உள்ள போறதுக்கு வேற வழி இல்லாம வாய் வழியா வந்துட்டா போல."

"வாய மூடு" என்றாள் அம்மா. "அவ காதுல விழும்."

அத்தான் மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "டாக்டரு முழுசாச் சாப்பிடணும்னு சொல்லியிருக்காரு அத்தை. பாதியில விட்டா திரும்ப வரும்னு சொன்னாக."

"மாப்ள, வந்திருக்கிறது யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு? வீட்டுக்கு வந்தவள மாத்திரையக் காட்டி வெரட்டுவீகளா?"

அத்தான் என்னைப் பார்த்தார். எனக்கும் மாத்திரையைத் தொடர்வதுதான் சரி என்று பட்டது. சொல்லியும் பார்த்தேன். அம்மா காதில் வாங்கவே இல்லை. பொட்டலத்தை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டாள். அடுப்பில் தாளிப்பு நின்றது. இளநீர், மோர், கேப்பைக் கூழ் மட்டும். அம்மை வீடு என்று அக்கம்பக்கத்தார் தங்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை.

மாத்திரை நின்றதும் சிவப்பு மெல்ல மங்கியது. கொப்புளங்கள் வற்றின. அக்கா எழுந்து உட்கார்ந்து கூழ் கேட்டாள். அம்மாவுக்கு முகமெல்லாம் நிறைவு. நல்ல நாள் பார்த்து, வெயிலில் வைத்த தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு அக்கா தலையில் ஊற்றினாள். ஆத்தா இறங்கிவிட்டாள் என்று தெருவெல்லாம் சொன்னாள்.

தொண்டை மட்டும் முழுக்கச் சரியாகவில்லை. அன்று மத்தியானம் அத்தான் மாடத்திலிருந்து பொட்டலத்தை எடுத்தார். "தண்ணி ஊத்தியாச்சுல்ல. இனிச் சாப்பிடலாம்ல" என்றார். அம்மாவும் தடுக்கவில்லை. அக்கா ஒரு மாத்திரை போட்டுக்கொண்டாள்.

நான் வேலை விட்டு வந்தபோது அவளுக்கு நடுக்கம் கண்டிருந்தது. உதடுகள் வீங்கியிருந்தன. முதல் தடவை எங்கெங்கே சிவந்ததோ, அதே இடங்கள்தான் மறுபடியும் சிவந்திருந்தன. கழுத்தின் இடப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம் இருந்தது. அதே இடம், அதே வடிவம். மறுநாள் விடிந்தபோது வாய்க்குள் தோல் உரிந்து கிடந்தது. கண்களிலிருந்து நீர் வடிந்து, இமைகள் ஒட்டிக்கொண்டன. முதுகில் தோல் ஈரத் தாளைப் போல நழுவியது.

"நான் சொன்னேன்ல" என்றாள் அம்மா. அழுதுகொண்டே சொன்னாள். "தண்ணி ஊத்தின கையோட மாத்திரையக் குடுத்தா ஆத்தாவுக்குக் கோவம் வராம என்ன செய்யும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சோதனைச்சாலையில் ஒரே பொருளை இரண்டு தடவை போட்டு, இரண்டு தடவையும் ஒரே விளைவு வந்தால், விளைவுக்குக் காரணம் அந்தப் பொருள்தான். எடுத்தபோது நின்றது. போட்டபோது வந்தது. இதற்குமேல் என்ன சோதனை வேண்டும். இது மாத்திரையால் வந்த வினை.

யோசித்துப் பார்த்தால் அம்மாவும் நானும் சொன்னது ஒன்றுதான். மாத்திரை கொடுத்தோம், அதனால் வந்தது. ஆனால் அம்மா சொல்படி போனால் அக்காவை வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும். நான் நினைத்தபடி போனால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நடுவில் அக்கா கிடந்தாள். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை.

"அம்மா, இது அம்மை இல்ல. மாத்திரை ஒத்துக்கல. மதுரைக்குக் கொண்டு போவோம்."

"அம்மை இல்லைன்னு நீ எப்படிச் சொல்ற? நீ பாத்தது உப்பும் கந்தகமும். நான் ஒங்க ரெண்டு பேருக்கும் அம்மை பாத்தவ."

வாசலில் நின்ற திரிப் பிரிவுப் பெண்களும் அம்மா பக்கம் பேசினார்கள். "அம்மைன்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரில தனிக் கொட்டகையில போட்டுருவாக வடிவு. முகத்தக்கூடப் பாக்க விடமாட்டாக. ஆத்தா வந்த ஒடம்புல ஊசி குத்தலாமா?"

அத்தான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாத்திரையைக் கொடுத்தது தன் கை என்று அவருக்கு ஒரே எண்ணம்.

நான் பின்வாசலில் வேப்பமரத்தடிக்குப் போனேன். எனக்கு அழுகை வரவில்லை. நான் சாமி கும்பிடுகிறவள்தான். ஆனால் அதுவரை என் வேண்டுதல் எல்லாம் பரீட்சை, வேலை, ஆர்டர் ஒழுங்காகப் போக வேண்டும் என்ற அளவில்தான். அன்று வேறு மாதிரி கேட்டேன். நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன்.

"தாயே, வந்திருப்பது நீயென்றால் நான் தலைவணங்குகிறேன். நீ இல்லையென்றால் அதை அம்மாவுக்கு நீயே சொல். நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள். அக்காவைக் கொடுத்துவிடு. பங்குனியில் உனக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறேன்."

நீயே சொல் என்று கேட்ட பிறகுதான், அம்மன் சொல்வதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி இருக்கிறதே என்று தோன்றியது. அந்த நினைப்பையும் அவள்தான் கொடுத்தாள் என்று நம்புகிறேன். உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன்.

"பூக்கட்டிப் பாப்போம்மா."

அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். "பாப்போம். ஆனா வந்த பூவுக்குக் கட்டுப்படணும். பெறகு படிச்சவ மாதிரிப் பேசக் கூடாது."

"கட்டுப்படுறேன்."

வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காரியம் செய்யலாமா கூடாதா என்று தெரியாதபோது, வெள்ளைப் பூ ஒன்றும் சிவப்புப் பூ ஒன்றும் தனித்தனியே இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வருவது அம்மன் வாக்கு.

நானும் அம்மாவும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரி நந்தியாவட்டை ஒன்றும் செவ்வரளி ஒன்றும் பறித்து வந்தார். நான் பறிக்கவில்லை, மடிக்கவும் இல்லை. அவர்தான் இலையில் மடித்துக் குலுக்கிப் போட்டார். "செவப்பு வந்தா வீடு. வெள்ளை வந்தா ஆஸ்பத்திரி" என்று அம்மா சத்தமாகச் சொன்னாள். எடுக்க ஒரு குழந்தை வேண்டும். அம்மை வீட்டுக்காரர்கள் பக்கம் யார் குழந்தையை அனுப்புவார்கள்? பூசாரி தெருவை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"ஆருமில்ல. நீயே எடு தாயி. பெத்தவ எடுத்தாலும் அதுதான்."

ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொன்னவள் கைதான் பொட்டலத்தை எடுக்க நீண்டது. நான் கண்ணை மூடவில்லை. அம்மாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றைத் தொட்டு, விட்டு, மற்றதை எடுத்தாள். பிரித்தாள்.

நந்தியாவட்டை.

அம்மா உடனே மற்றப் பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். அதில் செவ்வரளி இருந்தது. பூசாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன தாயி, என் மேலயே சந்தேகமா?"

"ஒங்க மேல இல்ல சாமி. எம்மக கெட்டிக்காரி. அதுக்குத்தான்" என்றாள் அம்மா. பிறகு அந்த வெள்ளைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வண்டி சொல்லச் சொல்லு மாப்ளைய" என்றாள். அதற்குப் பின் ஒரு வார்த்தை தடுத்துப் பேசவில்லை.

சிவப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பிற்பாடு பலர் என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. கட்டுப்படுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அக்காவை அப்படியே விட்டிருப்பேனா என்றும் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டிய நிலையில் அம்மன் என்னை வைக்கவில்லை. அதற்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

கம்பெனியில் சொல்லி ஒரு பிளஷர் காரை வாடகைக்குப் பிடித்தோம். வழியெல்லாம் அம்மா வேப்பிலைக் கொத்தால் அக்காவுக்கு ஈ விரட்டிக்கொண்டே வந்தாள்.

மதுரையில் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அக்காவின் வாயையும் கண்ணையும் முதுகையும் பார்த்தார். அதிக நேரம் எடுக்கவில்லை.

"இது அம்மை இல்லை. மருந்து ஒத்துக்காம வந்தது. என்ன மாத்திரை கொடுத்தாங்க?"

"வெள்ளை மாத்திரை" என்றார் அத்தான்.

"ஊர்ல இருக்கிற மாத்திரை எல்லாம் வெள்ளைதாங்க. பேர் என்ன?"

நான் பொட்டலத்தைக் கொடுத்தேன். டாக்டரம்மா பிரித்து மயில் படத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தொண்டையில சீழ் இருக்கு. அதுக்கு மருந்து கொடுத்தே ஆகணும். நான் கொடுக்கிறதும் இதே இனமா இருந்துட்டா இன்னொரு தடவை தாங்கமாட்டாங்க. அநேகமா இது சல்பாங்கிற மருந்தாத்தான் இருக்கும். அநேகமான்னு வச்சுக்கிட்டு மருந்து கொடுக்க எனக்குப் பயமா இருக்கு. கொடுத்த இடத்துல கேட்டுச் சொல்லுங்க."

அத்தானைச் சிவகாசிக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். ஆனால் அவர் போய்த் திரும்பும்வரை சும்மா இருக்க முடியவில்லை. நான் படித்த கல்லூரி மதுரையில்தான். இரண்டு மாத்திரைகளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். கல்லூரிக்கு எதிரே சர்பத் கடையில் ஐஸ் கட்டி வாங்கிக்கொண்டேன். எங்களுக்குப் பாடம் எடுத்த பேராசிரியை என்னைப் பார்த்ததும், "சர்பத் போடப் போறியா, சோதனை போடப் போறியா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மாத்திரையைப் பொடித்து, நீர்த்த அமிலத்தில் கரைத்து, ஐஸில் குளிரவைத்து, சோடியம் நைட்ரைட் சேர்த்தேன். பிறகு பீட்டா நாப்தால் கரைசலில் ஊற்றினேன். சாதாரணக் காய்ச்சல் மாத்திரையாக இருந்தால் ஒன்றும் நடக்காது. சல்பாவாக இருந்தால் சிவப்புச் சாயம் உண்டாகும். குழாய்க்குள் குங்குமம் கொட்டியதுபோலச் சிவந்தது. இரண்டாவது மாத்திரையிலும் செய்து பார்த்தேன். அதேதான்.

"சல்பா" என்றார் பேராசிரியை. "சாயப் பட்டறையில பிறந்த மருந்து. நல்ல மருந்துதான், எத்தனையோ பேரைக் காப்பாத்தியிருக்கு. ஒத்துக்காதவங்களுக்குத்தான் எமன். ஓடு."

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் வேறு இனத்து மருந்தை ஊசியாகக் கொடுத்தார். தடிப்புக்குத் தனியாக ஊசி, கண்ணுக்குக் களிம்பு, தோலுக்கு எண்ணெய்த் துணி.

அத்தான் பிற்பாடு வெறுங்கையோடு வந்து சேர்ந்தார். "மாத்திரை பேரு என்னன்னு கேட்டேன். 'பேரு எதுக்குய்யா, பிள்ளைக்கு வைக்கப் போறியா'ன்னு கேக்கான் அந்தக் கம்பவுண்டரு. டப்பாவையாவது காட்டுன்னேன். காட்டினான். லேபிளே இல்ல. வெறும் தகரம். கடைசியில அவனுக்கே பேரு தெரியல வடிவு."

அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. பெரிய தகர டப்பாவில் வருகிறது. எண்ணிக் கொடுக்கிறார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் அந்த மருந்தின் பெயர் எங்கேயோ உதிர்ந்துவிட்டது.

அக்கா கண் திறக்கக் கொஞ்ச காலம் ஆனது. திறந்த அன்று முதலில் அம்மாவைத்தான் பார்த்தாள். "என்னம்மா, இம்புட்டு மெலிஞ்சிட்ட?" என்றாள். தோல் உரிந்து கிடந்தவள் அம்மாவைப் பார்த்து மெலிந்துவிட்டாய் என்கிறாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னதை நான் மறக்கமாட்டேன். "முதல் தடவை சிவந்தப்போ அம்மைன்னு நினைச்சு மாத்திரையை நிறுத்தினீங்க பாருங்க, அதுதான் பிழைக்க வச்சது. தொடர்ந்து கொடுத்திருந்தீங்கன்னா இவங்களை இங்க கொண்டு வந்தே இருக்க முடியாது."

"நிறுத்தினது நானில்ல டாக்டரம்மா. ஆத்தா" என்றாள் அம்மா.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். "அப்ப அவங்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

இதை நான் நிறைய யோசித்தேன். வந்தது அம்மை இல்லை, மருந்தின் வினை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது; என் கையால் சோதித்தேன். ஆனால் அந்த வினை அம்மையைப் போன்ற உருவத்தில் வந்தது. வேறு எந்த உருவத்தில் வந்திருந்தாலும் நாங்கள் மாத்திரையை நிறுத்தியிருக்கமாட்டோம். படித்த நானே நிறுத்தியிருக்கமாட்டேன். வேறு யார் சொல்லியும் கேட்காத எங்கள் வீடு, மாரியம்மன் பெயருக்குக் கட்டுப்பட்டது. பிறகு வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியபோது அதே மாரியம்மனே போகச் சொன்னாள். மருந்தை நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தினாள். மருந்திடம் அனுப்ப வேண்டிய நேரத்தில் அனுப்பினாள். நான் கேட்பதற்கு முன்பே பாதி உதவி நடந்து முடிந்திருந்தது.

ஆகவே இதைப் படித்துவிட்டு, மருந்தே வேண்டாம், வேப்பிலை போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்காவைக் கெடுத்ததும் மருந்து, காப்பாற்றியதும் மருந்து. காப்பாற்றிய மருந்துக்குப் பெயர் இருந்தது.

ஊர் திரும்பியதும் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்தேன். சல்பா கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பக்கத்தில் இல்லாதபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் படித்துச் சொல்வது? அச்சகத்தில் தெரிந்தவர் ஒருவரிடம் தமிழில் ஒரு அட்டை அடித்துத் தரக் கேட்டேன்.

"அட்டை அடிச்சுத் தாரேன். தொலைச்சுருவாகளே" என்றார் அவர்.

பக்கத்தில் நின்ற அம்மா யோசிக்கவே இல்லை. "பின்னாடி ஆத்தா படத்த அடிச்சிருங்க. எங்கூர்ல சாமி படத்த எவளும் கீழ போடமாட்டா."

காலண்டருக்கு அடித்த மாரியம்மன் படத்தைச் சிறியதாக்கி ஒரு பக்கம் போட்டார்கள். மறுபக்கத்தில், "எனக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து" என்று அச்சிட்டு, அதன் கீழே ஒரு கோடு. அக்காவின் அட்டையில் அந்தக் கோட்டின்மேல் நானே சல்பா என்று எழுதினேன். மற்ற அட்டைகளைக் கோடு காலியாகவே வைத்துக்கொண்டேன்.

பங்குனிப் பொங்கலன்று விருதுநகர் மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுத்தேன். வேலைக்கு வரும்போது மடியில் ஒரு தீக்குச்சி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து உள்ளே விடுகிற கம்பெனியில் பிழைக்கிற குடும்பம் நாங்கள். கையில் தீயோடு நடந்தது அதுதான் முதல் தடவை. கை சுடவில்லை என்று சொல்லமாட்டேன். சுட்டது. தாங்க முடிந்தது. அக்கா என் பின்னால் நடந்து வந்து, காலி அட்டைகளைப் பிரசாதத்தோடு சேர்த்துப் பெண்களுக்குக் கொடுத்தாள். "படத்தக் கும்பிடுங்க, பின்பக்கத்தப் படிங்க" என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் காய்ச்சல் வரும். அம்மனை நம்புங்கள். அவளிடம் கேளுங்கள். அதோடு மருந்து கொடுப்பவரிடமும் கேளுங்கள்: இதன் பெயர் என்ன, இது ஒத்துக்கொள்ளாவிட்டால் உடம்பில் என்ன தெரியும், தெரிந்தால் என்ன செய்வது. கேட்டால் சிலர் கேலி செய்வார்கள். செய்யட்டும். கேட்பது அவிசுவாசம் ஆகாது. நானும் அம்மாவும் அம்மனிடமே கேட்டோம், அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

இன்றைய நிலை இது. அக்கா உயிரோடு இருக்கிறாள். முதுகில் தழும்பு உண்டு. இடது கண்ணில் கண்ணீர் சுரப்பதில்லை. அழுதால் வலது கண்ணில் மட்டும்தான் வருகிறது. வெடிமருந்துத் தூசி ஆகாது என்பதால் திரிப் பிரிவை விட்டு லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாறியிருக்கிறாள். அட்டையை மஞ்சள் துணியில் சுற்றி மடியில் வைத்திருக்கிறாள். சென்ற மாதம் அவளுக்குச் சளிக்காய்ச்சல் வந்தபோது அதே டாக்டரிடம்தான் போனாள். கம்பவுண்டர் பொட்டலத்தை நீட்டினார். அவள் அட்டையை நீட்டினாள். அவர் படித்துவிட்டு, பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, உள்ளே போய் டாக்டரிடம் கேட்டு வந்து, வேறு மாத்திரை கொடுத்தார். பொட்டலத்தின்மேல் அதன் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார்.